நத்தையோடு ஒரு பூட்டு

– மெஷின் மேல சாயாதீங்க, தையல் கோணும். அப்ப நடுவுல பேங்க், புரோக்கர் யாருமே இல்லைங்கறீங்க?

– யாருமே இல்ல. விஷயம் என்னன்னா, என் டோக்கனுக்கு, அதான் அந்த கிரிப்டோ காசுக்கு, பதிலா வேற டோக்கன் வேணும்னு ஆப்ல போட்டேன். நத்தைன்னு ஒருத்தர் சரின்னாரு.

– சொந்தப் பேரைச் சொல்லவே வெக்கப்படற ஆளு. அவரைப் போய் நம்புறீங்க, சரி சரி.

– நம்பவே வேணாம், அதான் இதுல அழகு. விஷயம் என்னன்னா, நான் ஒரு ரகசிய வார்த்தை வச்சு என்னோடதைப் பூட்டிட்டேன். அதே பூட்டைப் போட்டு அவரும் அவரோடதைப் பூட்டணும். நான் வார்த்தையைப் போட்டு அவரோடதை எடுத்தா, அந்த வார்த்தை அவர் கண்ணுக்கும் தெரிஞ்சிடும். அதை வச்சு அவர் என்னோடதை எடுத்துக்குவாரு.

– அவர் பூட்டாமலே இழுத்தடிச்சா?

– நாளைக்குக் காலையில என்னோடது தானா என்கிட்டயே திரும்பிடும்.

– கல்யாணத்துக்கும் இப்படி ஒரு வசதி வச்சிருக்கலாம்.

– கிண்டலு.

– சேச்சே. அந்தக் கத்தரிக்கோலை இப்படிக் கொடுங்க. பூட்டினது எந்த டோக்கன்? ஓனரம்மா கடையில இந்த மூலை போதும், தனிக்கடை போடலாம்னு ரெண்டு பேரும் சேர்த்தோமே, அதா?

– அது வந்து... இன்னும் பெருசாகட்டுமேன்னுதான். அந்தப் புது டோக்கன் பறக்கப் போகுதுன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க.

– பறக்கும், பறக்கும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கஷ்டமா இருக்குங்க.

– கேட்டா நீ விட்டிருக்க மாட்டியே.

– சரி சரி. அந்த ரகசிய வார்த்தையை ஆப்பே நீளமா, கன்னாபின்னான்னு தருமே?

– அதை யாரு ஞாபகம் வச்சுக்கறது? நானே ஒண்ணு வச்சேன். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது.

– எவனாலயும் முடியாது, ஒத்துக்கறேன். என்னைத் தனியா இருக்கும்போது கூப்பிடுவீங்களே, அந்தப் பேரா?

– சேச்சே, அதெல்லாம் இல்ல.

– காது சிவந்துடுச்சு.

– உனக்குத் தெரிஞ்சா என்ன இப்போ? நத்தைக்குத் தெரியாதுல்ல. எதுக்கு ஃபோனை எடுக்கறே?

– காலையில தானா திரும்பிடட்டும்னுதான் இந்த நத்தை பூட்டாம சும்மா இருந்தேன். இப்ப குண்டூசின்னு போட்டேன், உங்க பூட்டு திறந்து எல்லாம் என்கிட்ட வந்துடுச்சு. நாளைக்குக் கடை பார்க்கப் போறேன், நீங்களும் வாங்க.