காலி ஃபைலின் படம்

காஜா பேராங் நிறுத்தத்தில் பஸ் ஏறிய, அரசாங்க ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் இரண்டு கிராணிகள் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கண்ணாடி போட்டவர் சொன்னார்:

"காலி ஃபைலையும் படம் புடிச்சிட்டேண்ணே."

"வெறும் அட்டைக்கு எதுக்கு ஃபிலிம வீணாக்குற?" என்றார் குடை வைத்திருந்தவர்.

"அலமாரி எப்படி இருக்கோ அப்படியே, தட்டு வரிசை மாறாம ஃபிலிம் சுருள்ல ஏத்தணும்னுதானே உத்தரவு?"

"காலியா இருந்தா விட்டுடுன்னு துரை சொன்னாரே."

"சொல்வாரு. சீமைக்குக் கப்பலேறப் போறவரு. இந்த ஃபைல்ல இருந்த தோட்டத்து ஸ்ட்ரைக் கடுதாசியெல்லாம் போன வாரம் கொளுத்துனதே அவருதானே?"

"மெதுவாப் பேசு. சுதந்திரம் வர்ற நேரத்துல வேலை போயிடும். சுருள்ல அந்த ஃபிலிம் துண்டை மட்டும் வெட்டி எடுத்துடு."

"வெட்ட மாட்டேன். கொளுத்துனவரு அட்டையைத் திருப்பிப் பாக்கலண்ணே. உள்பக்கத்துல எல்லாக் கடுதாசிக்கும் நம்பர், தேதி, யாரு எழுதுனது, எதைப் பத்தி, எல்லாம் இருக்கு."

பண்டார் ஹிலிர் வந்தது. இறங்க எழுந்த குடைக்காரர் கேட்டார்.

"அந்தப் பட்டியல் நான் எழுதினது. கையெழுத்து படத்துல தெளிவாத் தெரியுதா?"

"ஒவ்வொரு எழுத்தும் தெரியுது."

"அப்ப துரை கேட்டா, புடிக்கச் சொன்னது நான்தான்னு சொல்லு."