பேக்கிங் எடுத்த வியாழக்கிழமை

ஐயா, என் எழுத்து கோணலாக இருப்பதற்கும், வரி மேலே ஏறிக் கீழே இறங்குவதற்கும் முதலில் மன்னிக்க வேண்டும். போலீஸ் நிலைய எழுத்தர் ஐயா, நான் சொல்லச் சொல்லத் தானே எழுதிக்கொள்வதாகத்தான் சொன்னார். நான்தான் காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். எழுதப் பழகி ஒன்பது மாதம் ஆகிறது. நேரம் ஆகும், ஆனால் தப்பு இருக்காது.

என் பெயர் கனகராஜ். தகப்பனார் பெயர் ஏகாம்பரம், காலமாகிவிட்டார். வயது அறுபத்தெட்டு. மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருக்கிறேன். தியாகராய நகரில் வெங்கடரமணன் சார் நடத்தும் கம்ப்யூட்டர் ஆபீசில் ஆறு வருடமாக வாட்ச்மேன் வேலையும், கூட்டுவது, டீ வாங்குவது போன்ற வேலையும் பார்க்கிறேன்.

அந்த ஆபீசில் புரோகிராம் எழுதுகிறவர் விஜயலக்ஷ்மி என்ற பெண். மயிலாப்பூரில் ஒரு சபாவுக்கு, மார்கழிக் கச்சேரிக்கு யாருக்கு எந்த நாற்காலி என்று காட்டும் புரோகிராமை அவர் எழுதி முடித்திருந்தார். எழுதிய புரோகிராமை ஃப்ளாப்பிகளில் அடைத்து, வாங்குகிறவர் தன் கம்ப்யூட்டரில் தானே ஏற்றிக்கொள்ளும்படி செய்வதற்குத் தனியாக இன்னொரு புரோகிராம் உண்டு. ஆபீசில் எல்லோரும் அதைப் பேக்கிங் என்பார்கள். புதுக் கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மக்கோலையும்கூடப் பேக்கிங் என்றுதான் சொல்வார்கள். இந்த வழக்கு முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது.

28.11.1996 வியாழக்கிழமை விஜயலக்ஷ்மி லீவு. அடையாறில் அவருடைய சித்தப்பா மகள் கல்யாணம். வெங்கடரமணன் சார் பெங்களூர் போயிருந்தார். ஆபீசில் அவருடைய மைத்துனர் ரகுபதி சாரும் நானும் மட்டும் இருந்தோம். காலை பதினொரு மணிக்கு வெங்கடரமணன் சார் போன் செய்தார். போனில் இரைச்சல் என்பதால் இரண்டு பேரும் கத்திப் பேசினார்கள், எனக்கு நன்றாகக் கேட்டது. "ரகு, சனிக்கிழமை சபாக்காரா வரா. அந்தப் பேக்கிங்கெல்லாம் எடுத்துடு. ஒண்ணுகூட கண்ணுல படப்படாது" என்றார் அவர். "பேக்கிங்தானே? எடுத்துடறேன் அத்திம்பேர்" என்றார் இவர்.

அதன் பிறகு ரகுபதி சார் மாடிப்படிப் பக்கம் போவார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் போகாமல் விஜயலக்ஷ்மியின் கம்ப்யூட்டரைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். அதன் பிறகு நான் அவரிடம், "சார், பேக்கிங்னா மாடிப்படியாண்ட கீற அட்டைப் பொட்டி தானே?" என்று கேட்டேன். "பெரியவரே, இது கம்ப்யூட்டர் ஆபீஸ். பேக்கிங்னா உமக்கு அட்டைப் பொட்டி, எனக்கு சாஃப்ட்வேர். போய் டீ வாங்கிண்டு வாரும்" என்றார். போய் வாங்கி வந்தேன்.

டீயை வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து என் நோட்டை எடுத்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே எழுத்தைக் கண்டாலும் நோட்டில் பார்த்து எழுதுவேன். பஸ் போர்டு, பாண்டி பஜார் கடைப் பலகை, மருந்துச் சீட்டு எதையும் விடுவதில்லை. இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் விஜயலக்ஷ்மி ஓய்வு நேரத்தில் எழுதிக் காட்டியது. அவர் எனக்கு வேண்டியவர் என்பதை நான் மறைக்கவில்லை.

திரையில் ஒரு பட்டியல் வந்தது. ரகுபதி சார் அதில் பேக்கிங்கைத் தொட்டு, எடுத்துவிடும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னார். அதன் பிறகு ஒரு கட்டம் வந்து கேள்வி கேட்டது. அவர் பொத்தானை அமுக்க அது போய், அதே போல் இன்னொரு கட்டம் வந்து மறுபடி கேட்டது. இப்படி ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து எழுதினேன். மேலே பதினாறு எழுத்தும் ஒரு கேள்விக்குறியும். அதன் கீழே முதல் பொத்தானில் எஸ், ஆமாம் என்று அர்த்தம். இரண்டாவதில் எஸ் டு ஆல், எல்லாவற்றுக்கும் ஆமாம். எட்டாவது கட்டத்தில், நோ என்ற மூன்றாவது பொத்தானுக்கு வந்து 'என்' என்ற இங்கிலீஷ் எழுத்தைப் போட்டு முடித்தேன். அப்போது ரகுபதி சார், "எத்தனை தடவைடா கேப்பே? எல்லாத்தையும் எடுத்துண்டு போ!" என்று கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டு இரண்டாவது பொத்தானை அமுக்கினார். எட்டாவது கட்டம் போனது போனதுதான், திரும்ப வரவில்லை. என் மூன்றாவது வரி ஒற்றை எழுத்தோடு நின்றுவிட்டது. அது எனக்கு வருத்தமாக இருந்தது.

அன்று மாலை முதியோர் வகுப்பில் ஜமீலுன்னிசா டீச்சர் நோட்டைத் திருத்தினார். பக்கத்தின் தலையில் தேதி போடாமல் எழுதினால் அவர் பார்க்க மாட்டார். "என்னா தாத்தா, கடைசி வரி பாதியிலயே தூங்கிடுச்சா?" என்று சிரித்துவிட்டு, சிவப்பு மையில் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை விஜயலக்ஷ்மிக்கு ஆபீசில் கடைசி நாள். அடையாறில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மதியம் வந்து அரை மணி நேரம் தன் அறையில் இருந்து, மேஜையைக் காலி செய்து, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டரைப் போடவில்லை. நான் அதே அறையில் பெருக்கிக்கொண்டிருந்தேன். மாலையில் வெங்கடரமணன் சார் ஊரிலிருந்து வந்தார். மாடிப்படியில் அட்டைப்பெட்டி தடுக்கி, "பேக்கிங்கை எடுக்கச் சொன்னேனே, மலை மாதிரி கெடக்கே!" என்று சத்தம் போட்டார். ரகுபதி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தார். அதன் பிறகு பெட்டிகளை அவரும் நானுமாகக் கீழே இறக்கினோம்.

சனிக்கிழமை சபாக்காரர்கள் வந்தபோது நாற்காலி புரோகிராம் திறக்கவில்லை. பேக்கிங் போகும்போது, அதற்கும் மற்ற புரோகிராமுக்கும் பொதுவான கோப்புகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். அதைத்தான் அந்தக் கட்டம் எட்டுத் தடவை கேட்டது. இதை விஜயலக்ஷ்மி இந்த நிலையத்தில் வைத்துச் சொன்னார். திரும்ப ஏற்றினால் எல்லாம் சரியாகும் என்றும் சொன்னார். அவரைக் கம்ப்யூட்டரைத் தொட விடவில்லை. வேலையை விட்டுப் போகிற கோபத்தில் அவர்தான் அழித்துவிட்டார் என்று முதலில் சொன்னவர் ரகுபதி சார். அதை நம்பித்தான் வெங்கடரமணன் சார் இங்கே புகார் கொடுத்தார். விடுவிப்புக் கடிதமும் கொடுக்கவில்லை. வருகிற திங்கட்கிழமைக்குள் அந்தக் கடிதம் போகாவிட்டால் அடையாறு வேலை அவருக்கு இல்லை.

திங்கட்கிழமை காலை ரகுபதி சார் தமிழில் எழுதிய ஒரு தாளையும் மைப்பெட்டியையும் என்னிடம் கொண்டுவந்து, "சும்மா ஃபார்மாலிட்டி. கட்டை விரலை வையும்" என்றார். ஆறு வருடமாகச் சம்பளத்துக்கு நான் விரல் வைப்பதைப் பார்த்தவர் அவர். நான் தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் வார்த்தை என் பெயர். நான்காவது வரியில், வெள்ளிக்கிழமை விஜயலக்ஷ்மி கம்ப்யூட்டரில் அழித்ததை நான் பார்த்தேன் என்று இருந்தது. "சார், இதுல பொய் கீதே" என்றேன். "உமக்குப் படிக்க வருமா?" என்று கேட்டார். "வரும் சார். லேட்டா வரும், ஆனா வரும்" என்றேன். தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்போதும் அது அவரிடம்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

என் நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். வியாழக்கிழமைப் பக்கத்தில் டீச்சரின் சிவப்புக் கையெழுத்தும், அந்த ஒற்றை 'என்' எழுத்தும் இருக்கின்றன. அந்தக் கட்டம் வியாழக்கிழமையே வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. விஜயலக்ஷ்மி அன்று கல்யாணத்தில் இருந்தார். இதற்கு மேல் என்ன வேண்டும் ஐயா?

இதில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் நானே கண்டு, நானே எழுதி, நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுத்தர் ஐயா பழக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார், மூடிவிட்டேன். ஏதாவது எழுத்து விளங்காவிட்டால் கூப்பிடுங்கள், அடுத்த வாரமும் வந்து எழுதித் தருகிறேன். அந்தப் பெண்ணின் கடிதம் மட்டும் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க முடியாது.

கையெழுத்து:
ஏ. கனகராஜ்
3.12.1996