முறுக்குக் கடை வெப்சைட்டின் வெள்ளை ஓரம்

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு முறுக்குக் கடைக்காரர். பக்கத்தில், அவருக்கு வெப்சைட் செய்துகொடுக்கும் பெண், மடியில் லேப்டாப்போடு.

“ரெண்டு பக்கமும் வெள்ளையா சும்மா கெடக்கே. இழுத்து நிரப்பிடும்மா.”

“மாட்டேங்க. நடுவுல எழுத்து வர்ற பகுதி இதுக்கு மேல அகலமாகக் கூடாதுன்னு நான்தான் வச்சிருக்கேன். எந்த பிரவுசர்லயும் தாண்டாது.”

“கடை என்னுதும்மா.”

“படிக்கிற கண்ணு உங்களுது இல்லீங்களே. வரி நீண்டுக்கிட்டே போனா யாரு படிப்பா?”

காவிரிப் பாலம் தாண்டியதும் அவர் லேப்டாப் பக்கம் சாய்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இந்தப் பக்கம் அப்பா போட்டோ, அந்தப் பக்கம் நான் கும்பிடுற மாதிரி. கடை போர்டுல அப்படித்தானே இருக்கு?”

“போர்டு சுருங்காதுங்க. இது போன்ல சுருங்குறப்ப நீங்க ரெண்டு பேருதான் தெரிவீங்க, முறுக்கு தெரியாது. மாட்டேங்க.”