பூஜையில் வைத்த ஐந்து கிட்டார்கள்

விழாத் தலைவர், பொம்மனஹள்ளியின் பொன்மனம் கோவிந்தப்பா ஐயா அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! மடியில் மழலையும் மனத்தில் குடும்பமுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! இன்னிசைக் குழுவின் பத்தாம் ஆண்டு விழாவிலே, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்த இந்த உத்தமனின் வணக்கம். பேராசிரியர்களே என் பேச்சைக் குறிப்பெடுத்த கதை வேறு. அதை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன்.

குழுவைப் பாராட்டத்தான் அழைத்தார்கள். பாராட்டு தொண்டையில் சிக்குகிறதே, என்ன செய்வேன்?

என் அக்காள் மரகதத்தின் மகன் விக்கி, இக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன். பாட்டுக்கு அடியிலே ஒரு தடித்த நாதம் ஓடுமே, அதுதான் பேஸ். கல்யாண மண்டபத்தில் டம்ளர் தண்ணீர் நடுங்கியது எதனால்? பெரியவர்களின் பல்செட்டு கிடுகிடுத்தது யாரால்? என் விக்கியால்!

அவனிடம் ஐந்து கிட்டார்கள். ஐந்தும் ஐந்து ராணிகள்! கறுப்பு, ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தது. அதை இறக்கியபோது துறைமுகமே வேலையை நிறுத்தி வேடிக்கை பார்த்தது. சிரிக்காதீர்கள், பார்த்தவன் சொல்கிறேன். சிவப்பு, தேவாலயத்தில் வாசித்துப் புண்ணியம் சேர்த்தது. மஞ்சள், கழுத்து முறிந்து வந்ததை அவனே ஒட்டிப் பிழைக்க வைத்தான். நீலத்துக்கு ஒரு தந்தி கூடுதல். ஐந்தாவது, முதல் சம்பளத்தில் வாங்கிய மரநிறக் கிட்டார்.

சரஸ்வதி பூஜையில் வைத்த வாத்தியத்தை மறுநாள் விஜயதசமி பூஜை முடியும்வரை தொடலாமா? கூடாது. ஆனால் சரஸ்வதி பூஜையன்றைக்குத்தானே தொழிற்சாலைகளில் ஆயுத பூஜைக் கச்சேரி! அதனால் நான்கைப் பூஜையில் வைத்து, மரநிறக் கிட்டாரை மட்டும் வெளியே வைப்பான். போன வருடம் கச்சேரி இல்லை என்றார்கள். ஐந்துக்கும் சந்தனமிட்டு அடுக்கிவிட்டான். மாலையில் குழுவின் மேனேஜர் சுந்தரேசன் ஓடி வந்தார்: பொம்மசந்திரா தொழிற்சாலையில் கச்சேரிக்குக் கூப்பிடுகிறார்கள், உடனே கிளம்பு. விக்கி கை நீட்டினான். அக்காள் குறுக்கே நின்றாள்.

"சரஸ்வதி அம்மா படுத்திருக்கா, எழுப்பாதடா. ஒரு நாள்தானே."

ஒரு நாள்தான், தாய்மார்களே! அன்று கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸையும் சேர்த்து வாசித்தார். கூட்டம் ஆடித் தீர்த்தது. மறுநாள் சுந்தரேசன் ஆறுதலாகத்தான் சொன்னார்.

"கவலப்படாத விக்கி. யாருக்கும் ஒண்ணும் தெரியல."

யாருக்கும் தெரியாத ஒன்றுக்குத் தனியாக ஓர் ஆள் எதற்கு? பிறகு அவனை அழைக்கவேயில்லை. இன்று பீன்யா கம்பெனி ஒன்றில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறான். ராணிகள் ஐவரும் கட்டிலுக்கடியில், அந்தச் சந்தனம்கூடக் கலையாமல் கிடக்கிறார்கள்.

என்ன தம்பி, பாட்டு போடணுமா? போடுவார்கள், இரு. சுந்தரேசனிடம் கெஞ்சினேன். "ஜனங்க கேட்டா நாளைக்கே எடுத்துக்கறேன் மாமா" என்றார். ஆகவே கேட்கிறேன். இன்று மாலை முழுவதும் பேஸ் கிட்டார் இல்லாமல்தான் பாட்டுக் கேட்டீர்கள். அடியிலே ஏதோ குறைகிறது என்று ஒரே ஒரு நெஞ்சுக்காவது பட்டதா? பட்டவர்கள் கை தூக்குங்கள்.

கூச்சம் வேண்டாம்.

தாய்மார்கள் பக்கம்? முன்வரிசை?

அதோ! கடைசி வரிசையில் ஒரு கை! வாழ்க அந்தச் செவி! யாரய்யா அது, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாருங்கள்...

விக்கி. நீ கையை இறக்குப்பா.

காது கொடுத்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.