மூணாவது தலையணை

தங்கை: மூணு தலையணை எதுக்குக்கா? எனக்கு ஒண்ணாவது மிச்சம் வைப்பியா?

அக்கா: கழுத்து வலிடி. ஓட்டல்ல நாள் பூரா குனிஞ்சு குனிஞ்சு ஊரான் கட்டிலுக்கெல்லாம் விரிப்பு மாட்டுறவ நான். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தா இதுகூட இல்லையா?

தங்கை: படுக்கவா போறே? மகாராணி மாதிரி சாய்ஞ்சு உக்காந்திருக்கே...

அக்கா: வாயை மூடு. விடிஞ்சா உனக்கு ஆபரேஷன்.

தங்கை: எனக்கென்ன பயம்? உனக்கு இரைப்பையைக் குறைச்ச அதே டாக்டர்தானே. பாதி ஆளாயிட்டே நீ! வேண்டாம் வேண்டாம்னு குதிச்ச அம்மாவே வாயடைச்சுப் போனாங்க.

அக்கா: அதென்ன பாட்டில்?

தங்கை: ஒண்ணுமில்ல...

அக்கா: காட்டு.

தங்கை: நெஞ்செரிச்சல் மருந்து. ஒரு மூடி குடிச்சா அடங்கிடும்.

அக்கா: எவ்வளவு நாளா?

தங்கை: ரொம்ப நாளா. படுத்தாதான் தொல்லை.

அக்கா: டாக்டர்கிட்ட சொன்னியா?

தங்கை: கேட்டாரு. இல்லைன்னுட்டேன். நீதானே சொல்லிக் கொடுத்தே... எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லு, இருக்குன்னா இழுத்தடிப்பாங்கன்னு.

அக்கா: நான்... அது வேற.

தங்கை: என்ன வேற?

அக்கா: எரிச்சல் இருக்கிறவங்களுக்கு இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னும் அதிகமாகலாம்டி. தெரிஞ்சா வேற விதமா பண்ணுவாங்க. காலைல சொல்லிடு.

தங்கை: சொன்னா தள்ளிப் போட்டுடுவாங்க. இந்தக் கனத்தை என் முட்டி தாங்காதுக்கா. மாடிப்படியைப் பார்த்தாலே அழுகை வருது... உனக்கும்தான் முன்னாடி எரிச்சல் இருந்துச்சு. இப்போ ஒண்ணும் இல்லையே?

அக்கா: மணியாச்சு, படு.

தங்கை: என்னைப் பார்த்துச் சொல்லு.

அக்கா: கழுத்து வலிதான்.

தங்கை: அப்போ எனக்கும் ஒண்ணும் ஆகாது. லைட்டை அணை.

டாக்டர்: என்னம்மா, ராத்திரி தூங்கினீங்களா? உள்ளே கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கேக்குறேன். நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம்... ஏதாவது உண்டா?

தங்கை: இல்ல டாக்டர்.

அக்கா: இருக்கு டாக்டர்.

தங்கை: அக்கா!

அக்கா: அவளுக்கு இருக்கு. எனக்கும் இருந்துச்சு, நானும் உங்ககிட்ட இல்லைன்னுதான் சொன்னேன். நீங்க ஆபரேஷன் பண்ணினதுலேர்ந்து நான் ஒரு ராத்திரிகூட படுத்துத் தூங்கல.