வளையல் பெட்டியோடு மலையேறியவள்

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்து, ஏலமலை கேரளத்தோடு சேர்ந்த மாதம் அது. போடியிலிருந்து மலையேறிய ஜீப்பில், வளையல் பெட்டியை மடியில் அணைத்திருந்த ஒரு அம்மாள் பக்கத்திலிருந்த எஸ்டேட் கங்காணியிடம் கேட்டாள்.

"தம்பி, வயித்துல இருக்க பிள்ளையும் கேரளாக் கணக்குல சேந்துருமா?"

"என்ன ஆத்தா கேள்வி இது?"

"எம் மக மேல தோட்டத்துல மாசமா இருக்கா. தலைப்பிரசவம் எங்க வீட்டுலதான பாக்கணும்? கூட்டியார விடுவாகளா?"

"நேத்துக்கூட ஏறி எறங்குனேன், ஒருத்தனும் மறிக்கல. எம் பொஞ்சாதியும் மூணு பிள்ளைகளுமே மேலதான் இருக்காக. பயப்படாதீக."

"நானா பயப்படுறேன்? ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு அழைக்கலாம்னுதான் இருந்தேன். இப்பவே வந்து கூட்டிட்டுப் போயிருங்கன்னு ஆளனுப்புனது மேல இருக்க மாப்பிள்ளதான்."

அடுத்த வளைவிலேயே கங்காணி முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தொட்டார்.

"அண்ணே, வண்டி திரும்ப எப்ப எறங்கும்? இன்னும் நாலு பேருக்கு எடமிருக்குமா?"