ராணியின் வயித்துப்பட்டை

தெப்ராவ் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் குதிரை லாயத்து வேலையாட்கள் இரண்டு பேர்.

"அண்ணே, நம்ம ராணிக்கு இன்னிக்குச் சேணம் கட்டினேன். வயித்துப்பட்டை ரெண்டு ஓட்டை உள்ள போயிடுச்சு!"

"அலமாக், இளைச்சிடுச்சா! இளைக்கலைன்னா குதிரைக்குக் காலே போயிடும்னு டாக்டர் சொன்னாரேடா!"

"ஓட்ஸை நிறுத்திட்டு, இனிப்பே சேராத சத்துத் தீனியாத் தேடிப் பிடிச்சேன்லா! ஒரு நாளைக்கு ஒரே ஒரு மக்கு அளந்து போட்டு, மீதிக்குப் புல்லு."

"போன மாசமே அதைத்தானே கொடுத்த? அப்ப இளைக்கலையே?"

"தினம் சாமிக்கு வச்ச வெல்லத்தையும் வாழைப்பழத்தையும் அதுக்குத்தானே ஊட்டினேன்! அதை நிறுத்தினப்புறம்தான் இந்த அதிசயம்!"

"அப்ப அதெல்லாம் இப்ப யாரு சாப்பிடுறா?"

"சாமிக்கு வச்சத வீச முடியுமாண்ணே? என் பெல்ட்டப் பாருங்க, ரெண்டு ஓட்டை வெளிய வந்துடுச்சு!"